ஆறு

நாலு பிள்ளைகளுக்கு எட்டுச் சப்பாத்து.
வாசலில் ஏழுதான் கிடக்கிறது.
எட்டாவதைக் கேட்டுத் தேடினால் சத்தம் வரும்,
சத்தம் போட ஏலாது.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து
சுபோதினி ஏழரைக்குத்தான் படுத்தாள்.
கைபேசி வெளிச்சத்தில்
கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து பார்த்தேன்:
பொம்மை ரயில், காய்ந்த பாண் துண்டு,
போன வருசம் நாங்கள் தண்டம் கட்டிய நூலகப் புத்தகம்.

சரி, கவினா மழைச் சப்பாத்தோடு வரட்டும்.
வெளியே நல்ல வெயில்.

படிக்கட்டில்
மிதுஷா தம்பியின் வாயைப் பொத்தினாள்.
அக்சயன் தன் வாயைத் தானே பொத்தினான்.
சின்னவன், தள்ளுவண்டிக்குள்,
தன் காலைப் பொத்தினான்.
கீழ்வீட்டு ஃப்ராவ் க்ரேபர் கதவைத் திறந்து
"ஏன் இவ்வளவு அமைதி,
யாருக்கும் சுகமில்லையா?" என்றாள்.

எட்டாம் நம்பர் ட்ராம்.
ஏறும்போது எண்ணினேன், நாலு.
க்ளாராப்ளாட்ஸில் எண்ணினேன், நாலு.
இறங்கி எண்ணினேன், ஐந்து.
யாருடையவோ ஒரு பையன்
அக்சயன் கையிலிருந்த ரோல்ஸைப் பார்த்தபடியே
எங்களோடு இறங்கியிருந்தான்.
கதவு மூடுமுன் பாய்ந்து வந்தார் அவன் அப்பா,
இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம்.

படகு அக்கரையில் நின்றது.
கூப்பிட மணி இருக்கிறது, அதை ஆர் அடிப்பது என்று
சண்டை, சமாதானம், மறுபடி சண்டை.
ஆளுக்கு ஓர் அடி என்று தீர்த்தேன்.
படகுக்காரர் அங்கிருந்தே
காதைப் பொத்திக் காட்டினார்.

இந்தப் படகுக்கு இயந்திரம் இல்லை.
ரைனுக்குக் குறுக்கே மேலே ஒரு கம்பி,
கம்பியிலிருந்து கயிறு,
கயிற்றில் கட்டிய மாடு மாதிரிப் படகு.
அவர் ஒரு கட்டையைத் திருப்பினார், அவ்வளவுதான்.
பலகை முனகியது. கரை விலகியது.

நடுவில் நாலு பேரும் பேசாமல் இருந்தார்கள்,
ஒருவரும் சொல்லாமலே.
எனக்குப் பயமாகிவிட்டது.
மிதுஷாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

பிறகு கவினா:
"அப்பா, இதை ஆர் தள்ளுறது?"
"ஆறு."
அவள் விரலை மடக்கினாள்.
அப்பா, அக்கா, அண்ணா, தம்பி, கடைசியாகத் தான்.
"அஞ்சு பேர்தானே இருக்கிறம்?"

அவளுக்கு ஆறு என்றால் விரலில் வருவது.
தண்ணீரென்றால் அது ரைன், வேறு பெயரில்லை.
விளக்க வாயெடுத்தேன்,
அதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்.
"ஓ. அம்மா."

"அம்மா நித்திரை," என்றான் அக்சயன்.

"நித்திரையிலயும் தள்ளுவா."

மிதுஷா சிரிக்கப் போனாள்,
என் முகத்தைப் பார்த்தாள், விட்டுவிட்டாள்.
படகு போய்க்கொண்டிருந்தது.

அக்கரையில் செங்குத்தான படிகள்,
தள்ளுவண்டியோடு யார் ஏறுவது?
இறங்காமலே திரும்பினோம், இரண்டு தரம் காசு கொடுத்து.
பாலையும் நீரையும் பிரிக்குமென்று
பள்ளிக்கூடத்தில் படித்த அதே அன்னம்
அக்சயனின் ரோல்ஸைப் பறித்து
இறைச்சியைத் துப்பி, மாவை மட்டும் தின்றது.
அவன் அழுதான். சின்னவன் கைதட்டினான்.
நப்பி மாற்றக் குனிந்தபோது
தள்ளுவண்டியின் அடிக்கூடைக்குள்
எட்டாவது சப்பாத்து.

வீடு திரும்ப மூன்று மணி.
சுபோதினிதான் திறந்தாள்,
கன்னத்தில் தலையணை மடிப்பு.
மணி, அன்னம், ஐந்தாவது பையன்,
எல்லாம் ஒரே நேரத்தில் அவள் மேல் விழுந்தது.
கவினா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
மழைச் சப்பாத்தைக் கழற்றாமலே போய்
அம்மாவின் கையைப் பிடித்து
உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

அவள் இப்போதுதான் முகம் கழுவியிருந்தாள்.
கை ஈரமாகத்தான் இருந்தது.