அப்துல் க

ஈரம் காய்ந்து இருபது வருடம்.
ஆனாலும் இந்தப் பதிவேட்டைத் திறந்தால்
தாளுக்குத் தாள் உப்பு நெரிகிறது.
டிசம்பர் இருபத்து நாலு, வெள்ளிக்கிழமை,
கிண்ணியாவில் ஒரு வாப்பா சொல்லச் சொல்ல
யாரோ எழுதிய பெயரை
ஞாயிறு காலை கடல் எடுத்து வாசித்திருக்கிறது.
பாதியில் நிறுத்தியிருக்கிறது:

அப்துல் க

பிறகு நீலம், கலங்கிய நீலம்,
தேத்தண்ணிக் கறை மாதிரி ஒரு விளிம்பு.

மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறான்.
மீன்வாடியில் ஐஸ் உடைக்கிற கை.
பெயர் வைத்த இருவரும் அந்த ஞாயிறோடு சரி.
வளர்த்த சாச்சி அப்போது தோப்பூரில்.
ஏழாம் நாள் பெயர் வைத்தார்களாம் என்று கேள்விப்பட்டாள்,
என்ன பெயரென்று கேட்க
நாளிருக்கிறது என்று நினைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் அப்துல், ஜெட்டியில் அப்துல்.
அப்து என்றால் அடிமை, தம்பி.
வாலில் தொங்கும் அந்த ‘ல்’ உன்னுடையதில்லை,
அடுத்து வரும் பெயரின் வாசற்படி.
இருபது வருடமாக உன்னை எல்லாரும்
இன்னாருடைய, இன்னாருடைய என்று கூப்பிட்டு
இன்னாரைச் சொல்லாமலே விட்டிருக்கிறார்கள்.

சரி, க.
அரபியில் அண்ணத்தில் பிறப்பது ஒன்று,
தொண்டைக் குழியில் ஒன்று,
காறுவது போல் ஒன்று, கொப்பளிப்பது போல் ஒன்று.
நாலையும் நம் தமிழ்
ஒரே பாயில் படுக்க வைத்திருக்கிறது.
கல்ப் என்று எழுதினால்
இதயமா நாயா, எழுதியவனுக்கே வெளிச்சம்.
என் பெயர் ஹுஸ்னா.
ஹுஸ்ன் என்றால் அழகு,
இன்னொரு ‘ஸ’ போட்டால் துக்கம்,
அந்த இன்னொரு ‘ஸ’ நம்மிடம் இல்லை.
நான் இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

காலையில் வந்த ஒரு தகப்பன்
நல்ல கருத்துள்ளதாக ஒன்று கேட்டார்.
எல்லாப் பெயரும் ஒளி, வாசனை, பூ
என்றே நினைக்கிறார்கள்.
தல்ஹா ஒரு முள்மரம்.
ஹன்ழலா, வாயில் வைக்க முடியாத பேய்க்குமட்டி.
கரடுநிலம் என்று பெயர்கொண்ட ஒருவரிடம்
சமநிலம் என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள் நபியவர்கள்.
வாப்பா வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்றாராம்.
பேரன் காலம் வரை
அந்த வீட்டில் கரடு போகவில்லையாம்.

இவனுக்கு, மாட்டேன் என்று சொல்லக்கூட
ஒரு பெயர் இல்லை.

சொல்லிப் பார்த்தேன்.
கரீம், அள்ளிக் கொடுப்பவன்.
கபீர், பெரியவன்.
கய்யூம், எதிலும் சாயாமல் நிற்பவன்.
கஃப்பார், திரும்பத் திரும்ப மன்னிப்பவன்.
கஹ்ஹார் என்று வாய்வரை வந்தது, அடக்கி ஆள்பவன்.
யன்னலுக்கு வெளியே கொட்டியாரக்குடா
ஒன்றும் நடக்காத மாதிரி கிடந்தது.

“எழுத்துக் கொறஞ்சது எது மிஸ்?”
கனி.
“பழமா?”
இல்லை, எந்தத் தேவையும் இல்லாதவன்.
சிரித்துவிட்டான்.
“எனக்கெண்டா கட்டார் விசா தேவை மிஸ்.”

சத்தியக்கடதாசி, இரண்டு சாட்சி, முத்திரை.
விரும்பியதை எழுது என்றேன்.
உரியவன் ஒருவன்தான்,
பெயர்தான் தொண்ணூற்றொன்பது.
எந்தப் பெயரைப் போட்டாலும்
போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான்.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
“அல்லாஹ்வுக்கு எல்லாம் வெளங்கும் மிஸ்.
வாப்பா எதச் சொன்னார்?
அதுதான் எனக்கு வேணும்.”

இதற்குப் படிவம் கிடையாது.

லுஹருக்குப் பாங்கு சொன்னது.
நான் எழும்பிப் போயிருக்கலாம்.
பதிவேட்டைத் தூக்கி யன்னலோடு பிடித்தேன்.
அவன் பூதக்கண்ணாடியைப் பிடித்தான்.
‘க’வுக்கு அப்பால், நீலத்துக்குள்,
ஒரு புள்ளி.

கரீமுக்கும் கடைசியில் புள்ளி உண்டு.
கபீருக்கு, கஃப்பாருக்கு, கஹ்ஹாருக்கும்.
கனிக்கு மட்டும்தான் இல்லை.

அல்லது அது உப்பு.

விரலை நாக்கில் தொட்டு
அதன் மேல் வைக்கப் போனான்.
வேண்டாம் என்றேன்.