திருப்பாற்கடல் விலக்கு

ராணிப்பேட்டையில் பதினேழு வருஷம்
ஷூ மேல்தோல் சுமந்த மேட்டடார்.
ஏலத்தில் எடுத்தேன்.
மூன்று முறை பினாயில், ஒருமுறை சாம்பிராணி,
அப்புறம் விட்டுவிட்டேன்.
மழை ஈரத்தில் இன்னும்
மாடு மாதிரி மூச்சுவிடும்.

அம்மா அதில் ஏறவில்லை.
கிழங்கு தோண்டினால் புழு சாகும் என்கிற வீடு.
"நயினார் வீட்டுப் பொண்ணுக்குத் தோல் வண்டி" என்று
ஆரணிச் சித்தப்பா போனில் சிரித்தார்.
நான் காட்பாடி பார்சல் ஆபீசில்
இருபத்தாறு வருஷம்
அடுத்தவர் மூட்டைகளில் ஊர்ப்பெயர் எழுதியவள்.
நாகப்பட்டினம். ராமேஸ்வரம். தூத்துக்குடி.
கறுப்பு மையில், பெரிய எழுத்தில்.

திட்டம் சுலபம்:
சதுரங்கப்பட்டினத்தில் ஆரம்பித்து
கடலை இடதுகைப் பக்கம் வைத்துக்கொண்டு
கோடியக்கரை வரைக்கும்.
பதினோரு ராத்திரி.
பலகைக் கட்டில், பம்ப் ஸ்டவ், இரண்டு கேன் தண்ணீர்.
வேலூர்க்காரர்கள் நாங்கள்
கடலுக்கே போனாலும்
தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் போவோம்.

பாலாற்றுப் பாலத்தில் ஜன்னலை இறக்கினேன்.
கீழே மணல், சீமைக்கருவேலம்,
ஸ்டம்பு நட்டு ஆடும் பையன்கள்.
இதுவும் அங்கேதான் போகிறதாம்.

வாலாஜா டோலில் ஒருவன் எட்டிப் பார்த்தான்.
"கூட யாரு மேடம்?"
"பின்னால தூங்குறாரு."
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
அதற்கப்புறம் மேடு பள்ளம் பார்த்து
மெதுவாகவே ஓட்டினேன்.

காவேரிப்பாக்கம் தாண்டவில்லை,
ரேடியேட்டர் பொங்கியது.
ஆவி அடங்கியதும்
கண்ணாடிக்கு நேரே ஒரு பச்சைப் பலகை:
திருப்பாற்கடல். அம்புக்குறியோடு.

மேல்விஷாரத்திலிருந்து பைக்கில் வந்த முனவ்வர்
ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியிலேயே கிடந்தான்.
"வாட்டர் பம்பு போயிடுச்சுக்கா.
ஆற்காட்டுல காலையிலதான் கெடைக்கும்.
கடல் எங்கயும் போவாது."
என் ஒரு கேன் தண்ணீரையும் ஊற்றி ஊற்றி
ஏரிக்கரை வரை அவனே ஓட்டிவந்து விட்டான்.

அதற்குள் சூரியன் இறங்கியிருந்தது.
நாற்பத்தொன்பது வருஷத்தில்
விளக்கு வைத்தபின் நான் சாப்பிட்டதில்லை.
பசி. ஸ்டவ்வைப் பற்றவைத்தேன்.
ஏரிப் பூச்சிகளுக்கெல்லாம் அதுதான் திருவிழா போல.
நீலச் சுடரில் ஒன்று சுருண்டது.
இன்னொன்று.
அணைத்துவிட்டேன்.
இருட்டில் பொரி தின்றேன்.
இது எந்தக் கணக்கில் வரும்?

ஏரி சும்மா இல்லை.
ஐப்பசி மழைக்கு நிரம்பி, அக்கரை தெரியாமல்,
கல்கட்டில் வந்து வந்து மோதியது.
நாக்கை நீட்டிப் பார்த்தேன்.
காற்றில் உப்பில்லை.
கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து
டோலில் சொன்ன அந்த ஆளுக்கும்
கொஞ்சம் இடம் விட்டேன்.
நடுராத்திரிக்கு மேல்
அதையும் எடுத்துக்கொண்டேன்.

விடியலில் முந்நூறு வாத்துகளோடு
கரைமேல் ஒருவர் வந்தார்.
வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"கூட யாரு?"
"யாருமில்ல."
"சரி."
மடியிலிருந்து இரண்டு முட்டை எடுத்து நீட்டினார்.
"ஒத்த ஆளுக்குப் போதும்."
எங்க வீட்டுல முட்டை, என்று நான் தொடங்குவதற்குள்
வாத்துகள் அவரை இழுத்துக்கொண்டு போயின.

பத்தரைக்கு பம்பு மாட்டினான் முனவ்வர்.
காசை எண்ணாமல் பையில் போட்டவன்
முட்டையைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

துண்டைச் சும்மாடாகச் சுருட்டி
இரண்டையும் டாஷ்போர்டில் வைத்தேன்.
வெயில் பட்டு வெதுவெதுப்பாகவே இருந்தன.
காஞ்சிபுரம் வரை
லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்தின.
முள் முப்பதைத் தாண்டவில்லை.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
இடதுகை தானாக முன்னால் போனது.