முப்பத்தோராம் வரி

பகாவ் கடைத்தெரு முடிகிற இடத்தில்
செம்பனை ஆலை. எடைமேடையை ஒட்டி
குளிரூட்டி சொட்டும் ஓர் அறை. அதில் நான்.
சர்வர் இங்கில்லை, சிரம்பானில்.
நடுவே ஒரு கம்பி,
மழை வந்தால் இருமும்.

முன்பெல்லாம் என் புரோகிராம்
ஒருத்தியின் ஒருநாள் கூலிக்காக
மொத்தத் தோட்டத்துக் கணக்கையும்
சிரம்பானிலிருந்து இழுத்து வரும்.
நாற்பதாயிரம் வரிசை
வந்து சேர்ந்த பிறகுதான்
பிரிக்கும், பெருக்கும், கூட்டும்.
அதற்குள் வெளியே ஏழு லோரிகள்
ஹாரன் அடித்து ஓய்ந்திருக்கும்,
குலைகள் வெயிலில் புளித்திருக்கும்.

இப்போது அப்படியில்லை.
கணக்கு கிடக்கும் இடத்திலேயே
கணக்குப் போடத் தெரிந்த ஒன்று இருக்கிறது.
கிரா_காஜி என்று பேர்.
பேரைச் சொல்லி அழைக்கிறேன்,
அடைப்புக்குறிக்குள் மூன்றே மூன்று தருகிறேன்:
ஆள் எண், தேதி, கிலோ.
விட்ட மூச்சை இழுக்கும் முன்
ஒரே ஓர் எண் திரும்பி வரும்.
ரிங்கிட், சென்.

வரிசை மாற்றிக் கொடுத்தால்
அது முகம் சுளிக்காது.
ஒருமுறை தேதியைக் கிலோவாகக் கொடுத்துவிட்டேன்.
ரொபியுல் இஸ்லாம் ஒரே பகலில்
இருபதாயிரம் டன் வெட்டியதாகச் சொன்னது.
அவன் கண்ணாடிக்கு வெளியே நின்று சிரித்தான்:
"அதையே போடுங்க, மிஸ்."

அழைக்க எனக்கு உரிமை உண்டு.
திறந்து பார்க்க இல்லை.
அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள்.
ஆறு வருடம் அது எனக்குக்
குறையாகவே படவில்லை.

அஞ்சலை உதிரிப் பழம் பொறுக்குகிறவள்.
சம்பளச் சீட்டை மேசைமேல் வைத்தாள்,
பக்கத்தில் கிழித்த காலண்டர் தாள்,
அதன் முதுகில் பென்சில் கணக்கு.
அறுபத்தொன்று புள்ளி ஏழு.
எழுபத்து மூன்று புள்ளி ஒன்பது.
ஐம்பத்தெட்டு புள்ளி எட்டு.
"புள்ளிக்குப் பின்னால இருக்கிறதை
யாரு திங்கிறா?"
"நான் இல்லக்கா, சர்வர் சொல்றதுதான்."
"அப்ப அவரைக் கூப்பிடுங்க."
கூப்பிட்டேன்.
அவள் முன்னாலேயே கூப்பிட்டேன்.
அதையேதான் சொன்னது.

ஹஸ்லானிடம் கெஞ்சி
ஒரு வாரத்துக்குத் திறவுகோல் வாங்கினேன்.
நூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
முப்பத்தோராவதில்
கிலோவை முழு எண்ணாக்கு என்றிருந்தது.
பக்கத்தில் ஒரு குறிப்பு: செமந்தாரா.
தற்காலிகமாம்.
தேதி இரண்டாயிரத்துப் பதினொன்று.
எழுதியவர் பேர் இல்லை, இரண்டெழுத்து மட்டும்.

ஒரு சொல்லை மாற்றினேன்.
வாசல் திரை, மண்டோரின் கைப்பேசி,
சீட்டு அச்சிடும் பெட்டி
எல்லாம் அந்த ஒரே பேரைத்தான் அழைக்கின்றன.
எதையும் நான் தொடவில்லை.
மாலை நாலு நாற்பதிலிருந்து
எல்லாமே சரியாகச் சொன்னன.
அதுவரை எல்லாமே
ஒற்றுமையாகத் தப்பாகச் சொன்னவை.

சரி, நாலு முப்பத்தொன்பதுக்கு முன்னால்?

அதற்காக இன்னொன்று எழுதினேன்.
துங்காக்கான் என்று பேர் வைத்தேன், பாக்கி.
ஆள் எண் மட்டும் போதும் அதற்கு.
அஞ்சலையின் எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன்.
முந்நூற்றுத் தொண்ணூற்றாறு ரிங்கிட்,
இருபது சென்.
பிறகு தோட்டம் முழுவதற்கும் ஒரு தடவை.
வந்த எண்ணைப் பார்த்ததும்
எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை என் திறவுகோல் காலாவதி.
கடிதம் போட்டிருக்கிறேன், மேலே,
கணக்கையும் இணைத்து.
பரிசீலனையில் இருக்கிறதாம்.
துங்காக்கான் சிரம்பானில் இருக்கிறது,
பிழையில்லாமல், தயாராக.
அதை அழைக்கும் வரி மட்டும்
எந்தப் புரோகிராமிலும் இல்லை.

மாதம் ஏழாம் தேதி
அஞ்சலை சீட்டை வாங்கிப்
புள்ளிக்குப் பின்னால் பார்க்கிறாள்,
தலையாட்டுகிறாள்,
பிறகு கண்ணாடியைத் தட்டிக் கேட்கிறாள்:

"அந்த இன்னொருத்தரை
கூப்பிட்டீங்களா?"