குடவாழை

கல்லணையில் மணல்போக்கி வெட்டினார்கள்.
தர்மத்துக்கு அல்ல;
ஒரு ரூபாய் போட்டால் எத்தனை விளையும் என்று
துரை தண்ணீருக்கு மட்டம் பார்த்தார்.

மாசியில் கிஸ்து. வெள்ளிக்காசுதான்.
எல்லாக் களமும் ஒரே வாரத்தில் விற்றால்
நெல்லுக்கு ஏது விலை?
கீழையூர் அம்பாரம்
நாகப்பட்டினத்தில் தோணி ஏறியது.
பின்னாலேயே,
கங்காணியிடம் ஏழு ரூபாய் கடனோடு
அதை நட்ட காத்தாயியும்.

கண்டிச்சீமையில், காப்பித் தோட்டத்தில்,
சனிக்கிழமை படி அளந்தார்கள்.
சிவப்பரிசி.
உலை கொதித்ததும் வாசனை சொல்லிவிட்டது:
குடவாழை.
வடக்கு வரப்போரம்,
உவர் ஏறாமல் தப்பிய நாலு குழி.
இடுப்பு அந்த வரிசையை இன்னும் மறக்கவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதினான்:
அரிசி வகையில் பிடித்தம், ஒன்றேகால் ரூபாய்.

உப்பு கேட்டாள்.
அதற்கு வேறு பக்கம் புரட்டினான்.