முட்டு

ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.
பெல்லியப்பாவுக்கு அது புரியவில்லை.
"மாட்டத்தானே கொடுத்தேன்" என்றார்
மடிகேரிக்கே கேட்கிற குரலில்.

சுருள் இல்லாத வண்டி
ஜே.சி. ரோட்டுச் சந்தில் மண்டியிட்டது.
எபினேசர் ஜாக்கியை ஏற்ற ஏற்ற
டயர் உள்ளே போய்
பிரேக் ஹோஸை முகர்ந்தது.
"இங்கே" என்றான். சாக்பீஸால் கோடிட்டேன்.
மூன்று வாரமாக எங்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு.
இங்கே. பிடி. இன்னும். போதும்.
ஷெட் அட்வான்ஸ் பணம்,
அதை விடுங்கள்.

முட்டுக்கட்டை என்றால் ஊரில் வசைச்சொல்.
நாங்கள் அதை அளந்து, வெல்டு வைத்து,
கைப்பிடி அளவு ரப்பராக
அச்சின் தலைக்கு மேல் தொங்கவிடுகிறோம்.
இரும்பும் இரும்பும் சந்திப்பதற்கு
அரை அங்குலம் முன்னால்
ஏதாவது ஒன்று குறுக்கே நிற்க வேண்டும்.

ராத்திரி பதினொன்றுக்கு ஸ்பிரிங் ஏறியது.
காலரை நான்கு சுற்று இறுக்கி
ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டை கட்டினேன்,
தள்ளினால் நழுவுகிற இறுக்கத்தில்.

ஓட்டியது அவன்.
லால்பாக் மதிலோரம், வெள்ளை அடிக்காத அந்த ஹம்ப்பில்
நாற்பதில் விட்டான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.
தொப்.
அவ்வளவுதான், அரிசி மூட்டையை இறக்கின மாதிரி.

ரோட்டிலேயே படுத்து டார்ச் அடித்தோம்.
கேபிள் டை சறுக்கிப் போய்
தண்டின் முனைக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது.
சுருளின் இடுக்கில் கையை விட்டு
மிச்ச இடத்தில் விரலை வைத்தான். சரியாக இருந்தது.
"நீ வை" என்றான்.

என் விரல் தடி. நுழையவில்லை.
"ஒரு வாஷர் சேர்க்கலாம்" என்றேன்.