ரேடியோவில் செத்தவன்

ஆறாங்கட்டையில்
முறிந்துபோன கல்யாணப் பேச்சுக்குப் பேர்
பத்து மணிப் படம்.
தோட்டத்து ஜெனரேட்டரைப் பத்துக்கு நிறுத்திவிடுவார்கள்.
டிவி கறுத்துப்போகும்.
வில்லன் செத்தானா இல்லையா,
லயத்துக்கு லயம் வேறு வேறு முடிவு.
இதற்குச் சாட்சி ஊர் முழுக்க உண்டு.

ஆனால் "ரேடியோவில செத்தவன்" என்ற பேச்சு
எங்கிருந்து வந்தது?

மூன்று தரம் தோற்று நாலாம் தரம்
லாரி லைசென்ஸ் எடுத்தவன்,
பஸ் ஏறியும் பிழைத்த கோயில் நாய்,
டெபாசிட் போனபின்னும்
அடுத்த தேர்தலுக்கு மாலை வாங்கிக்கொள்பவர்,
எல்லாருமே ரேடியோவில் செத்தவர்கள்.

போன மாதம் கோப்பிக்கடையில் இதற்கொரு பஞ்சாயத்து.
முடிவெட்டும் தங்கையா சொன்னார்: வால்வு.
பழைய பெட்டியில் வால்வு செத்தாலும்
மண்டையில் ஒன்று போட்டால் பாடும், அதிலிருந்து.
ஆ லெக் தவுக்கே ஒப்பவில்லை.
"பேட்டரி லா!
செத்த பேட்டரி வெயில்ல வச்சா
இன்னும் ரெண்டு பாட்டு வரும்."
வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
சங்க காலத்திலேயே இருந்திருக்கலாம் என்றார்.
சங்க காலத்தில் ரேடியோவா என்று யாரும் கேட்கவில்லை.
அன்றைக்கு ரொட்டிக்குக் காசு அவர்தான்.

நான் தே தாரிக்கை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுபத்திரண்டு, மழை மாதம்.
மேல் டிவிசன் கன்னியப்பன் மேல் மரம் விழுந்தது.
அவர் மனைவி அஞ்சலை
நேராக என் ரிப்பேர் கடைக்கு வந்தாள்.
ரேடியோவைத் திறக்கத் தெரிந்தவனுக்கு
அதற்குள் பேசுகிறவர்களையும் தெரியும் என்று
நினைத்திருக்க வேண்டும்.

மரண அறிவிப்பு எழுதினேன்.
வார்த்தைக்கு வார்த்தை காசு என்று
நானாகவே முடிவு கட்டிக்கொண்டு,
அவளுக்கு மிச்சம் பிடிக்க,
தகப்பன் சடையனை வெட்டினேன்.
மேல் டிவிசன், அது ரெண்டு வார்த்தை. அதையும்.
தபாலாபீஸ் போனில் வாசித்தேன்:
ஆறாங்கட்டைத் தோட்டத்துக் கன்னியப்பன்.

கீழ் டிவிசனில் இன்னொரு கன்னியப்பன்
பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
கருவாட்டுக் குழம்பு தின்றுகொண்டிருந்தார்.
அறிவிப்பைக் கேட்டுவிட்டு
"பாவம்" என்றாராம்,
இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாராம்.

விடியுமுன் வந்து நின்றது மைத்துனர்கள் லாரி.
அரிசி மூட்டை, கோடி, மலர்வளையம்.
வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவரைக்
கட்டிப்பிடித்து அழுது,
"எங்கே கெடத்தியிருக்கீங்க?" என்று
அவரிடமே கேட்டார்கள்.
மலர்வளையத்தை வீணாக்காமல்
அவர் ரேடியோவுக்குச் சாத்தினார்.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும்
கீழ் டிவிசனுக்கே போனார்கள்,
சிரித்தார்கள், சாப்பிட்டார்கள்,
வந்த லாரியிலேயே திரும்பினார்கள்.

மேல் டிவிசனில் நாங்கள் ஐந்து பேர்.
தூக்க நாலு, சட்டி பிடிக்க ஒன்று.

மூன்று நாள் கழித்துப் பெரட்டில்
பழைய செக்ரோலைப் பார்த்துப் பேர் கூப்பிட்ட கங்காணி
கன்னியப்பன் என்று சொல்லி நிறுத்தினார்.
தலையைச் சொறிந்தார்.
"ரேடியோவில செத்தவனா, மத்தவனா?"

களமே சிரித்தது.
அங்கேதான் பிறந்தது, காலை ஐந்தே முக்காலுக்கு,
கேஸ் விளக்கு வெளிச்சத்தில்.
மத்தவன் பெண்டாட்டி
காண்டா வாளியைத் தோள் மாற்றிக்கொண்டு
வரிசையில் நின்றாள்.

அறிவிப்புக்குக் காசே இல்லை என்று
பிறகுதான் தெரிந்தது.

இரண்டாயிரத்தொன்றில்
கீழ் டிவிசன்காரர் நிஜமாகவே போனபோது
"ரேடியோவில சொன்னாங்களா?" என்று
பாடை கட்டியவர்களே சிரித்தார்கள்.
அவருக்கும் அது பிடித்திருக்கும்.
மத்தவரைப் பற்றி இன்றைக்குப் பேச்சே இல்லை,
அவர் பேரில் ஒரு சிரிப்புகூட இல்லை.

"ரேடியோக் கடை வச்சிருந்தவரு நீங்க,
நீங்களே சொல்லுங்க" என்றார் வாத்தியார்.

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.
தே தாரிக்கில் ஆடை கட்டியிருந்தது.

"வால்வுதான்" என்றேன்.

தங்கையா மேசையை ஓங்கி ஒரு தட்டு தட்டினார்,
செத்த பெட்டியைத் தட்டுகிற மாதிரி.