வலது காதில் ஒரு படம்

கலியாணமாகிப் பத்தொன்பதாம் நாள்
பாளையங்கோட்டையில் காலைக் காட்சி.
ஐயருக்குத் தெரிந்தால் ராப்போஜனத்தில் இடமில்லை.
மாமியாரிடம் மருதகுளத்துச் சித்தப்பா வீடு என்று
சொல்லிவிட்டு வந்திருந்தோம்.
சேர் டிக்கெட். அங்கேதான் ஆணும் பெண்ணும்
பக்கத்தில் உட்காரலாம்.

படம் ஜிப்சிகளைப் பற்றியது.
அமெரிக்காவில் ஏதோ ஊரின் கடைசித் தெரு,
பழைய கார்கள், கொடியில் சிவப்புப் பாவாடைகள்
(சிவப்பு என்று நானே நினைத்துக்கொண்டேன்,
படம் கறுப்பு வெள்ளை).
பெண்ணின் அப்பன் பொன்காசு எண்ணி வாங்குகிறான்.
மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை.
அப்பனும் மகளும் ரகசியமாகப் பேசி வைத்திருக்கிறார்கள்:
ரொட்டியை உப்பில் தொடுகிற நேரம்வரை நிற்பது,
அப்புறம் காசோடு ஓடிவிடுவது.

எனக்கு எல்லாமே இரண்டு தடவை கேட்டது.
முதலில் திரையிலிருந்து.
பிறகு என் வலது காதுக்குள்,
ஞானசிகாமணியின் ஏலக்காய் மூச்சில்.

"அப்பன்காரன் துட்ட எண்ணுதான், பாரு."

அவர் பேட்டைப் பருத்திக் கிட்டங்கியில் கணக்கெழுதுகிறவர்.
நான் சாரா டக்கரில் இண்டர்மீடியட்,
இங்கிலீஷில் பரிசு, ஒரு வெள்ளிப் பேனா.
அதிகம் படித்த பெண் என்றால் இந்த இடம் தட்டிப்போகும் என்று
அப்பா எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்,
என்னை இல்லை, என் கதையை.
பேனாவும் வேட்டி மடிப்பில் ஒளிந்து
அவருடைய பெட்டியிலேயே தங்கிவிட்டது.

திரையில் அவள் மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டி,
"என்னை யாரும் கேட்கவில்லை. விற்றார்கள்" என்றாள்.
என் காதில்:
"ஒங்க வீட்டுக் கிணறு உப்பான்னு கேக்கா."

எங்கள் வீட்டுக் கிணறு உப்பு.
முதல் நாள் காப்பியில் நான் முகம் சுளித்தது
அடுப்புக்கு மட்டும்தான் தெரியும் என்றிருந்தேன்.

"என்னைப் பிடித்துத் தள்ளித்தான் கொண்டுவந்தார்கள்,
விடிந்தால் நான் இங்கே இருக்கமாட்டேன்" என்று
அந்த ஆள் மேசையைக் குத்தினான்.
என் காதில், குத்தியதற்கும் சேர்த்துச் சற்று அழுத்தமாக:
"முருகன்குறிச்சிப் பக்கம் வேற வீடு பாத்திருக்கானாம்.
நல்ல தண்ணியாம். மாசம் பதினாலு ரூவா."

நான் சிரிக்கவில்லை.
புறங்கையைக் கடித்துக்கொண்டேன்.

ரொட்டி அவள் கையில். உப்பு கிண்ணத்தில்.
அவள் வாசலைத் திரும்பிப் பார்க்கிறாள்.
திரை வெள்ளையாகிவிட்டது.

கடைசிப் பெட்டி மணியாச்சியில் ரயில் மாறவில்லையாம்.
பெஞ்சுக்காரர்கள் விசிலடித்தார்கள்.
மானேஜர் துண்டை உதறியபடி வந்து
பாதிக் காசு தருவதாகச் சொன்னார்.
நாங்கள் வாங்க நிற்கவில்லை.

வெயிலுக்கு வந்த பிறகும் அவர் விடவில்லை.
"இப்பம் அவா உப்ப எடுக்கா," என்றார்
மிஷன் காம்பவுண்டுச் சுவரோரம்.
"மாமியாக்காரி வாரா. நல்லவதான், குரல் மட்டும் அப்படி."
சைக்கிள் ஒன்றுக்கு ஒதுங்கினோம்.
"இப்பம் அவன் சொல்லுதான்,
ஒனக்குப் போகணும்னா போ,
பஸ்ஸுக்கு நான் துட்டு தாரேன்."

என் பைக்குள் நாசரேத் பள்ளிக்கூடத்துக் கடிதம்.
வேலை உத்தரவு. டைப் அடித்த இங்கிலீஷ்.
திங்கள்கிழமை சேர வேண்டும்.
நேற்று அது நான் வைத்தபடி மடிந்திருக்கவில்லை.
எலி என்று நினைக்கப் பார்த்தேன்.
எலி கடிதத்தை மடிக்குமா?

கொக்கிரகுளத்துப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார்.
கீழே ஆறு கலங்கி வந்தது,
மலையில் முந்தியே மழை.
கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:
"அவா என்ன சொல்லுதா?"

இங்கிலீஷில் சொன்னேன்.
ஒரே ஒரு வாக்கியம், கொஞ்சம் நீளம்,
நடுவில் ஒரு 'ஆனால்'.

அவர் திடுக்கிடவில்லை.
இடது காதைச் சாய்த்து முழுக்கக் கேட்டார்.
பிறகு எனக்கே அதை மெதுவாகத்
தமிழில் சொன்னார்,

வழக்கம்போல, தப்பாக.